பிறகு நினைவூட்டவும்

மின்கட்டணம் கட்ட உட்கார்ந்தவனுக்கு இப்படிச் செய்திருக்க வேண்டாம். கைபேசிக்கு ஓ.டி.பி. வந்தாயிற்று, பாதி எண்ணை அடித்தும் ஆயிற்று. அந்த நேரம் பார்த்துத் திரையின் வலது கீழ் மூலையிலிருந்து சிவப்பாக ஒரு பெட்டி கிளம்பி வந்து, நான் அடித்துக்கொண்டிருந்த கட்டத்தின் மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டது. என் கணினி ஆபத்தில் இருக்கிறதாம். பாதுகாப்புக் காலம் முடியப்போகிறதாம். கீழே இரண்டு பொத்தான்கள். "இப்போதே புதுப்பி" என்பது பச்சையில், வாசற்கதவு அகலத்துக்கு. "பிறகு நினைவூட்டு" என்பது சாம்பல் நிறத்தில், கண்ணாடி போட்டால்தான் தெரியும். "வேண்டாம், போ" என்று ஒரு பொத்தான் வைக்கும் வழக்கம் அந்த வம்சத்திலேயே கிடையாது. சாம்பலைத் தேடி அமுக்குவதற்குள் ஓ.டி.பி. காலாவதியாகிவிட்டது.

எந்தக் கம்பெனி என்று சொல்லமாட்டேன். நீங்களும் சாம்பலைத்தான் அமுக்குகிறவர்கள், உங்கள் வீட்டிலும் ஒன்று இப்படி எழும்பிக்கொண்டுதான் இருக்கும். ஆனால் இந்தத் தடவை எனக்குக் கோபம் வந்துவிட்டது. காசு கொடுத்து ஆன்டிவைரஸ் வாங்குவதா, கழற்றி எறிவதா, இந்தக் கட்டுரை முடிவதற்குள் தீர்மானித்துவிடுவதாக இருக்கிறேன்.

அந்த லேப்டாப்பில் காப்பாற்ற என்ன இருக்கிறது என்று முதலில் பார்க்கவேண்டும். சித்தப்பாவுக்கு அரும்பாவூரில் மரச்சிற்பப் பட்டறை. 2020-இல் எங்கள் ஊர்ச் சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு, விசாரிக்கிறவர்கள் மின்னஞ்சலிலும் விசாரிக்கிறார்கள். உளி பிடிப்பது சித்தப்பா, கொட்டேஷன் அடிப்பது நான். ஆகவே உள்ளே இருப்பது யாளி, யானை, சிம்ம வாகனம், கோயில் கதவு, மூன்று கோணத்தில் எடுத்த ஒரே பிள்ளையார். இதையெல்லாம் எவனோ கண்காணாத தேசத்தில் உட்கார்ந்து திருடினால், அவனும் ஒரு வாகனத்துக்கு ஆர்டர் கொடுத்துவிட்டுப் போகட்டும் என்றுதான் தோன்றுகிறது.

இருந்தாலும் முதலாளியைக் கேட்கவேண்டுமே. பட்டறையில் போய் விஷயத்தைச் சொன்னேன். மரத்தில் வண்டு விழாமல் மருந்து அடிக்கிறவர் என்பதால் அவருக்கு உடனே புரிந்தது.

"ஒரு தடவ அடிச்சா எத்தன வருசம் தாங்கும்?"

"ஒரு வருசம் சித்தப்பா."

"அப்புறம்?"

"மறுபடி காசு கட்டணும்."

"கட்டலேன்னா?"

"தெனம் வந்து திட்டும்."

"அது மருந்து இல்லடா, வாடகை," என்று சொல்லிவிட்டு யாளியின் பல்லுக்குத் திரும்பிவிட்டார்.

விலையாவது ஒரு நிலையில் நிற்கிறதா என்றால் அதுவும் இல்லை. சித்தப்பா ஒரு வாகனத்துக்கு விலை சொன்னால் அதற்குள் வாகைக் கட்டை இருக்கும், அறுப்புக்கூலி இருக்கும், எத்தனை ஆள் எத்தனை நாள் என்ற கணக்கு இருக்கும். ஆன்டிவைரஸ் பெட்டியின் முதுகில் 1,999 என்று அச்சடித்திருக்கிறது. பெரம்பலூர்க் கம்ப்யூட்டர் கடைப் பையன் நாம் வாய் திறக்கும் முன்பே 650 என்கிறான். நாற்காலியை விட்டு எழுந்தால் 500. அந்தச் சிவப்புப் பெட்டியோ, 60 சதவீதத் தள்ளுபடி, இன்றிரவோடு கடைசி என்கிறது. நேற்றிரவும் அதைத்தான் சொன்னது. எந்த விலையும் உண்மையில்லை என்று இரண்டு தரப்புக்கும் தெரிந்த ஒரு சரக்கை நம்பி வீட்டுக் கணக்குகளை ஒப்படைப்பது எப்படி?

திருட்டுச் சாவி இருக்கிறதே என்பீர்கள். அந்தக் காலமும் பார்த்தாயிற்று. ஆன்டிவைரஸ் கிராக்கை இறக்கினால் அதோடு வரும் குறிப்பின் முதல் வரியே, "முதலில் உங்கள் ஆன்டிவைரஸை அணைத்துவிடவும்" என்றுதான் இருக்கும். நாமும் சமத்தாக அணைத்துவிட்டு மேற்கொண்டு படித்தோம்.

சரி, பென்டிரைவுக்கு வருகிறேன். அதைச் சொல்லாமல் இந்தப் பேச்சே இல்லை. ஹால் டிக்கெட், சிட்டா, சாதிச் சான்றிதழ் எதுவானாலும் வீட்டில் பிரிண்டர் இல்லாதவனின் பென்டிரைவ் ஜெராக்ஸ் கடைக்குப் போயாகவேண்டும். அங்கே எழுத்தெல்லாம் தேய்ந்த கீபோர்டு, கத்திக்கொண்டேயிருக்கும் யு.பி.எஸ்., விண்டோஸ் 7. சொருகினால், உள்ளே இருந்த ஃபோல்டர்களுக்கெல்லாம் இடது கீழ் மூலையில் சின்னதாக ஒரு வளைந்த அம்பு முளைத்திருக்கும். கடைக்காரர் அதைப் பார்த்துவிட்டு, வரிசையின் கடைசி ஆளுக்கும் கேட்கிற குரலில் சொல்வார்: "அண்ணே, ஒங்க பென்டிரைவ்ல வைரஸ் இருக்கு!"

அவ்வளவுதான். வரிசை மொத்தமும் திரும்பிப் பார்க்கும். பின்னால் நிற்கிறவர் அரை அடி தள்ளி நிற்பார். பரம்பரை மானம் போகிற இடம் அது. "எங்க வீட்டுலேர்ந்து வரும்போது சுத்தமாத்தான் இருந்துச்சு, ஒங்க சிஸ்டத்துலதான் இருக்கும்" என்று நாம் சொல்லியாகவேண்டும். "எங்க சிஸ்டத்துலயா? தெனம் நூறு பேரு சொருகுறாங்கண்ணே" என்பார் அவர். அந்த நூறு பேரும்தான் காரணம் என்பது அவருக்கு உறைக்காது. உடனே வரிசை இரண்டாகப் பிரியும். டியூஷன் டீச்சர், "போன வாரம் எனக்கும் இதே கடையிலதான்" என்று சாட்சி சொல்வார். ஒரு கல்லூரிப் பையன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, "அட்ரிப் கமாண்ட் போட்டா எல்லாம் வந்துரும்" என்று கறுப்புத் திரையைத் திறந்து, இடைவெளி எங்கே விடவேண்டும் என்பதை மறந்துவிட்டு நிற்பான். கடைக்காரர் தன் கைவசமுள்ள ஒரே வைத்தியத்தை முன்மொழிவார்: "ஃபார்மட் அடிச்சிரலாமா?" உள்ளே மச்சினன் கல்யாண போட்டோ இருக்கிறது. வேறு எங்கும் நகல் இல்லை. "வேண்டாம் வேண்டாம்" என்று பிடுங்கிக்கொள்வோம். அவர் முகத்தைப் பார்த்தால், சான்ஸ் கொடுத்தும் திருந்தாதவன் என்று எழுதியிருக்கும்.

அந்த அம்பு போட்ட ஃபோல்டரின் சூழ்ச்சியை நினைத்தால் இன்னும் எரிகிறது. நிஜ ஃபோல்டர் அங்கேயேதான் ஒளிந்திருக்கிறது. அதே பெயரில் வெளியே நிற்பது குறுக்குவழி. அதை அமுக்கினால் முதலில் வைரஸை ஓட்டிவிட்டு, அப்புறம் உங்கள் ஃபோல்டரையும் மரியாதையாகத் திறந்து காட்டும். சந்தேகமே வராது. பென்டிரைவைச் சொருகியதும் தானாகவே ஓடும் வசதியை மைக்ரோசாப்ட் 2011-இல் ஒரு அப்டேட்டில் பூட்டிவிட்டது. தானாக ஓட வழியில்லாமல் போனால் என்ன, நம் விரலாலேயே ஓட்டவைத்துவிட்டார்கள். அந்தப் பென்டிரைவ் ஜெராக்ஸ் கடையிலிருந்து போட்டோ ஸ்டுடியோ, ஸ்டுடியோவிலிருந்து ஆடிட்டரின் உதவியாளர், அங்கிருந்து மச்சினன் வீடு என்று வேப்பந்தட்டை வட்டாரமெல்லாம் சுற்றிவிட்டு, தீபாவளிக்கு மறுபடி என்னிடமே வரும். மச்சினன் போன் போட்டு, "மாமா, ஒங்க பென்டிரைவ்ல..." என்று ஆரம்பிப்பான். வரப்புத் தகராறுக்கு சர்வேயர் இருக்கிறார். எந்த வைரஸ் எவன் வீட்டுச் சரக்கு என்று அளந்து கல் நட ஆள் கிடையாது.  

பழைய வைரஸ்காரர்களிடம் ஒரு நேர்மை இருந்தது. 1986-இல் லாகூரில் இரண்டு சகோதரர்கள் செய்த "பிரெயின்" என்ற வைரஸுக்குள் அவர்கள் பெயர், கடை முகவரி, போன் நம்பர் எல்லாம் இருந்தன. நாங்கள் எழுதிய மருத்துவ மென்பொருளை ஜனங்கள் திருட்டு நகல் எடுத்தார்கள், அதற்காகத்தான் செய்தோம் என்றார்கள். கோபம் வந்தால் போன் போட்டுத் திட்டலாம், எவ்வளவு வசதி! ஆனால் 2017 மே மாதம் வந்த "வான்னாக்ரை" கோப்புகளைப் பூட்டிவிட்டு 300 டாலர் பிட்காயினில் கேட்டது. அதைத் தடுக்கும் அப்டேட்டை மைக்ரோசாப்ட் இரண்டு மாதம் முன்பே, மார்ச்சிலேயே இலவசமாகக் கொடுத்திருந்தது. உலகம் முழுக்க அதற்கும் சாம்பல் பொத்தானைத்தான் அமுக்கியிருக்கிறார்கள். நாம் தனியாள் இல்லை.

காவல்காரர்களின் யோக்கியதையும் லேசில்லை. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்புக் கம்பெனி அனுப்பிய ஒரு கோளாறான அப்டேட்டில் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையோடு படுத்துவிட்டன. ஹைதராபாத் விமான நிலையத்தில் போர்டிங் பாஸைப் பேனாவால் எழுதிக்கொடுத்தார்கள். இத்தனைக்கும் அது வைரஸின் வேலை இல்லை. அதே ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்க வர்த்தக ஆணையம் அவாஸ்ட் என்ற ஆன்டிவைரஸ் கம்பெனியை 1.65 கோடி டாலர் கட்டச் சொன்னது. வாடிக்கையாளர்கள் எந்தெந்த இணையதளத்துக்குப் போனார்கள் என்ற விவரத்தை விற்றார்கள் என்பது குற்றச்சாட்டு. மெக்காஃபி ஆன்டிவைரஸ் கம்பெனியைத் தொடங்கிய ஜான் மெக்காஃபி, கம்பெனியை விட்டு விலகி வெகுகாலம் கழித்து 2013-இல், மெக்காஃபியைக் கணினியிலிருந்து எப்படிக் கழற்றுவது என்று தானே ஒரு கிண்டல் வீடியோ போட்டார். பெயர் கொடுத்தவருக்கே அந்த நிலைமை.

நம் ஆட்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. சென்னையில் 1991-இல் கேசவர்தனன் தொடங்கிய கே7 ஜப்பான் வரைக்கும் போய் விற்றது. புனேயின் குயிக் ஹீல் கால்குலேட்டர் ரிப்பேர்க் கடையிலிருந்து வளர்ந்தது. ஆனால் பெருமைப்படுவது வேறு, பர்ஸைத் திறப்பது வேறு.

இதற்கு நடுவே விண்டோஸோடு கூடவே வரும் டிஃபெண்டர் என்று ஒன்று இருக்கிறது. 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல் முழு ஆன்டிவைரஸாகவே உள்ளே உட்கார்ந்திருக்கிறது. ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட் ஆய்வகம் வைக்கும் பரீட்சைகளில் பலமுறை முழு மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறது. காசு கேட்பதில்லை, கத்துவதில்லை, வேறு ஆன்டிவைரஸ் உள்ளே வந்தால் இடம் விட்டு ஒதுங்கிக்கொள்கிறது. அதனாலேயே அதன் மேல் ஒருவருக்கும் நம்பிக்கை கிடையாது. "ஃப்ரீயா குடுக்கறது எப்படிங்க வேலை செய்யும்?" என்று கடைப் பையன் என்னைக் கேட்டான். அவன் வீட்டில் இன்றைக்கும் சட்னி அரைப்பது அரசாங்கம் கொடுத்த மிக்ஸியில்.

அப்படியே வாங்கித் தொலைத்தாலும் எந்தக் கதவைப் பூட்டப்போகிறேன்? இப்போது எங்கள் பக்கம் பணம் போவதெல்லாம் போனில். மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் போட்டுவிட்டு உதவித்தொகைக்குக் காத்திருக்கிறவருக்கு, பி.எம். கிசான் என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் ஒரு ஏபிகே, அதாவது ஆப் கோப்பு, வருகிறது. அமுக்குகிறார், கேட்ட அனுமதியெல்லாம் கொடுக்கிறார், குறுஞ்செய்தியைப் படிக்கிற உரிமை உட்பட. அப்புறம் சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் போட்டு அழுகிறார். இன்னும் சிலர், என் பெரியப்பாவைப் போல, ஏபிகே கூட இல்லாமல், பேங்கிலிருந்து பேசுகிறேன் என்றவனுக்கு ஓ.டி.பி.யை நிறுத்தி நிதானமாக, இரண்டிரண்டு எண்ணாகப் படித்துக் காட்டுகிறார்கள். பெரியப்பாவின் வாய்க்கு எந்தக் கம்பெனியும் இன்னும் ஆன்டிவைரஸ் போடவில்லை. போட்டால் 1,999 முழுசாகக் கொடுக்கத் தயார், பேரம்கூடப் பேசமாட்டேன்.

கடைப் பையன் நேற்று ஒரு வழி சொன்னான். ஒரு கணினிக்கு 500, ஆனால் மூன்று கணினிக்கான பெட்டி 900-தான். ஆளுக்கு 300. இன்னும் இரண்டு பேரைப் பிடித்தால் போதும். மெடிக்கல் ஷாப் மாமாவிடம் பேசினேன். அவருக்குச் சம்மதம், ஆனால் சாவி நம்பர் அவரிடம்தான் இருக்கவேண்டுமாம். டியூஷன் டீச்சர் தன் ரெண்டாவது லேப்டாப்பையும் அதே 300-க்குள் சேர்க்கமுடியுமா என்றார். முடியாது என்றதும் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். கடைசியில் ஜெராக்ஸ் கடைக்குப் போனேன்.

"நான் வர்றேண்ணே," என்று உடனே முந்நூறை எடுத்து நீட்டினார். எனக்கே ஆச்சரியம்.

"எப்ப வந்து போட்டுத் தரட்டும்?"

"அய்யய்யோ, போட்டுராதீங்க. மெஷின் ஸ்லோ ஆயிரும். எனக்கு அந்தக் காலிப் பெட்டி மட்டும் போதும். கஸ்டமர் கண்ணுல படுற மாதிரி மேல வெச்சுக்கறேன்."