பகிர்வு சார்

மாகறலில் சிவபெருமான் பொன் உடும்பாக வந்தார் என்கிறது தலபுராணம். புற்றுக்குள் நுழைந்த அந்த உடும்பின் வால்தான் லிங்கமாம். ஊர் மகிமையோ என்னவோ, அந்த ஊர் இருக்கும் செய்யாற்றங்கரைப் பள்ளிகளில் எதற்குள் நுழைந்தாலும் கைபேசியை உடும்புப் பிடியாய்ப் பிடித்த ஒரு ஆசிரியர் எதிர்ப்படுவார். அவருக்குப் பகிர்வு சார் என்று பெயர் வைப்போம்.

விடிகாலையில் முருகன் படத்தோடு வணக்கம் வைப்பார். பின்னாலேயே தொடக்க வகுப்புகளுக்கான 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தின் வாரப் பாடக்குறிப்பு வரும். காபி ஆறுவதற்குள் அதே குறிப்பு 'திருத்தியது' என்று வரும். குளித்துவிட்டு வந்தால் 'இறுதியாகத் திருத்தியது'. பள்ளி மணி அடிக்கும்போது 'இதுதான் சரி' என்று ஒன்று. எதைத் திறப்பது என்று புதிதாய்ச் சேர்ந்த டீச்சர் கேட்டால், "எல்லாத்தையும் சேவ் பண்ணி வச்சுக்கம்மா, எப்பவாச்சும் உதவும்" என்பார். அவர் எதையும் திறந்ததில்லை.

ஒரே நாளில் முளைத்தவர் அல்லர் இவர். 2018இல் புதுப் பாடநூல்களில் கியூஆர் கோடு வந்தபோது, சிக்னல் தேடிப் புத்தகமும் கையுமாக மைதானத்துக்கு ஓடியவர். 2020இல் கொரோனா பள்ளிகளைப் பூட்டியதும் அவருக்குப் பொற்காலம் பிறந்தது. காலையில் இணையவழி வினாடி வினா, மாலையில் வெபினார், இரண்டுக்கும் மின்சான்றிதழ். கொசு ஒழிப்பில்கூடச் சான்றிதழ் வைத்திருக்கிறார். வாட்ஸ்அப் குழுவில் 256 பேர்தான் சேரலாம் என்றிருந்த நாளில் ஒன்று, இரண்டு, மூன்று என்று குழுக்களைப் பிரித்தார். 2022இல் அந்த வரம்பு 1024 ஆனதே, அப்போதாவது ஒன்றாக்கினாரா? ஒவ்வொன்றிலும் இன்னும் ஆள் சேர்க்கலாமே என்று மகிழ்ந்தார்.

அட்மின் என்ற முறையில் கண்டிப்பானவர். யாராவது சமையல் குறிப்பு போட்டால், "குழுவின் நோக்கத்துக்கு மாறான பதிவு வேண்டாம்" என்று சிவப்புக் குறியோடு எச்சரிப்பார். பழைய ஓய்வூதியம் பற்றிய செய்தி மட்டும் எந்தக் குழுவின் நோக்கத்துக்கும் மாறானதல்ல. அதில் நானும் அவர் கட்சி.

வகுப்பில் நடப்பது எதுவும் படமாகாமல் தப்பாது. அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று கற்றல் நிலைப் பிள்ளைகளும் கேமராவுக்காக ஒருமுறை, பாடத்துக்காக ஒருமுறை கை தட்டப் பழகிவிட்டார்கள். எல்லாப் படத்தின் ஓரத்திலும் அவருடைய பவள மோதிரக் கட்டைவிரல் கட்டாயம் விழுந்திருக்கும்.

பக்கத்து வகுப்பு டீச்சர் எந்தக் குழுவிலும் வாய் திறக்காதவர். தறி வீட்டுப் பிள்ளை ஒருத்தி கொண்டுவந்த, தறியில் மாட்டும் பழைய ஜக்கார்டு அட்டையை வைத்துக் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். அட்டையில் வரிசை வரிசையாக ஓட்டைகள்; பத்துப் பத்தாக வட்டமிட்டு எண்ணினால் இடமதிப்பு தானாகப் புரிகிறது. பகிர்வு சார் எட்டிப்பார்த்தார், படம் எடுத்தார், எல்லாக் குழுக்களிலும் போட்டார். அவர் அனுப்பியதில் பிறர் திறந்து பார்த்து, செய்தும் பார்த்தது அநேகமாக அது ஒன்றுதான்.

அடுத்த மாதம் அவசரமாக ஓடிவந்து கைபேசியை நீட்டினார்.

"டீச்சர், இதப் பாருங்க! சேலத்துல யாரோ எவ்ளோ அருமையா யோசிச்சிருக்காங்க. நாமளும் செஞ்சு பாக்கலாமா?"

டீச்சர் குனிந்து பார்த்தார். படத்தின் ஓரத்தில் பவள மோதிரம்.

"பாக்கலாம் சார்" என்றார்.