பெடாஸ் வட்டாரத்து லெட்சுமிகள்: ஓர் ஆராய்ச்சி

நெகிரி செம்பிலான், ரெம்பாவ் மாவட்டத்துப் பெடாஸை வெந்நீர் ஊற்றுக்காகத்தான் உலகம் அறியும். அவ்வட்டாரத் தோட்டங்களில் ஊற்றைவிட வற்றாமல் சுரந்தது ‘லெட்சுமி’ என்னும் பெயரே என்பது இக்கட்டுரையின் துணிபு. விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் தோட்டத்துக் கிராணி “லெட்சுமி!” என்றால் பாதி வரிசை “வந்துட்டேங்க” என்னும்.

இப்பெருக்கத்துக்குக் காரணம் கூறும் கொள்கைகள் மூன்று.

ஒன்று, வெள்ளிக்கிழமைக் கொள்கை. வெள்ளியன்று பிறந்த பெண் லெட்சுமி. ஆனால் வாரத்துக்கு ஒரு வெள்ளிதான். இத்தனை லெட்சுமிகளுக்கு அது தாங்காது. தள்ளுக.

இரண்டு, பாற்கடல் கொள்கை. திருமகள் பாற்கடல் கடைந்தபோது பிறந்தவள். இவர்களோ நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு கித்தா (ரப்பர்) மரத்தில் பால் வெட்டியவர்கள். பொருத்தம் கச்சிதம். ஒரே ஓர் இடறல்: பாற்கடலில் தோன்றிய லெட்சுமி திருமாலிடம் போனாள்; மங்குப் பாலில் தோன்றிய லெட்சுமி லண்டன் பங்குதாரரிடம் போய்விட்டாள்.

மூன்று, கப்பல் கொள்கை. நாகப்பட்டினத்தில் கப்பலேறிய சனம் தட்டுமுட்டுச் சாமானோடு பாட்டி பெயரையும் கட்டிக்கொண்டு வந்தது. 1938இல் இந்திய அரசு மலாயாத் தோட்டங்களுக்கு ஆள் அனுப்புவதைத் தடுத்தது. ஆள்வரத்து நின்றது, பெயர்வரத்து நிற்கவில்லை. பேத்திக்குப் பாட்டி பெயர் வைக்கக் கப்பல் எதற்கு? மேலும் ரெம்பாவ், ‘அடாட் பெர்பாத்தே’ வழங்கும் மண். அங்கே மலாய்க் குடும்பத்துக் குலநிலம் தாயிடமிருந்து மகளுக்குப் போகும். நம் பேத்திக்குப் பெண்வழியில் கிடைத்த சொத்து இந்தப் பெயர் ஒன்றே. இக்கொள்கையைக் கொள்க.

அந்தச் சொத்திலும் கிராணி கைவைத்தார். காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் எழுதினார். ஒரே வீட்டில் அக்கா விஜயலெட்சுமியின் வால் ‘ஐ’யில் முடியும், தங்கை ஜெயலெட்சுமியின் வால் ‘ஒய்’யில் முடியும்.

இனி, இத்தனை லெட்சுமிகளிடையே குழப்பம் நேராதா எனில், நேராது. கடைசி லயத்து லெட்சுமி, சிவத்த லெட்சுமி, ஆயாக் கொட்டாய் லெட்சுமி, தண்டல் வீட்டு லெட்சுமி என அடைமொழி காத்தது. ஆளைத் தெரிந்த ஊரில் பெயர் தனியாக நிற்க வேண்டியதில்லை.

இப்பெயரின் வீழ்ச்சிக்குக் காரணம், ஆளைத் தெரிந்த அந்த ஊர் போனதே. கித்தா போய்ச் செம்பனை வந்தது, தோட்டங்கள் துண்டாடப்பட்டன, குடும்பங்கள் சிரம்பான், செனவாங் தாமான்களுக்குப் பெயர்ந்தன. பக்கத்து வீட்டுக்காரர் யாரென்று தெரியாத இடத்தில் பிள்ளையைப் பெயரே அடையாளம் காட்டியாக வேண்டும். ஆகவே எண்கணிதம் பார்த்து, யாருக்கும் இல்லாத பெயராகத் தேடி எல்லாரும் தர்ஷினியிலும் யாஷினியிலும் வந்து முட்டினார்கள். இந்த ‘ஷினி’களுக்கு அடைமொழி கொடுக்க லயம் இல்லை, எதிர்கால ஆய்வாளர் பாடு திண்டாட்டம்.

எஞ்சிய சான்று நாளிதழ்களின் மரண அறிவித்தல் பக்கத்தில் கிடைக்கிறது. அதில் ‘லெட்சுமி’ மட்டும் தனித்து வந்தால் தோட்டத்துச் சனம் பக்கத்தைப் புரட்டிவிடும். ‘லெட்சுமி (எ) பாப்பாத்தி’ என்று போட்டால்தான் வேன் பிடித்துப் புறப்படும்.