மூடி திறவாப் படலம்

படலம் என்ற சொல்லுக்குத் தமிழில் உள்ள பொருள்களில் இரண்டு இங்கே வேண்டும். காப்பியத்தின் உட்பிரிவு ஒன்று. ஒன்றன்மேல் மெல்லிதாகப் படிந்து கிடப்பது மற்றொன்று. ஃபிலிமுக்குப் படலம் என்று பெயர் வைத்தவர்கள் இரண்டாவதைத்தான் நினைத்திருப்பார்கள். இக்கட்டுரை இரண்டையும் தழுவியது. 36 படம் பிடிக்கக்கூடிய ஒரு படலத்தில் ஒன்றுகூடப் பதியாமல் போன வரலாற்றைக் கூறும் படலம் இது.

ஆய்வுப் பொருள், யாஷிகா எலக்ட்ரோ 35 ஜிஎஸ்என் என்னும் ஜப்பானியக் கேமரா. ஆய்வுக்களம், பெரியப்பா வீட்டு மர பீரோவின் மேல்தட்டு. ஆய்வாளன் நான். முதன்மைத் தகவலாளி என் பெரியம்மா. அவருடைய வாக்குமூலத்தை நான் கையாண்ட விதம் பின்னர் வரும். சிங்கப்பூரில் வேலை பார்த்த பெரியப்பா 1976-இல் லீவில் வந்தபோது இதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மீனம்பாக்கத்தில் இறங்கினார் என்பது குடும்ப மரபு. பீரோவில் தோல் உறை இருந்தது, தோள்வார் இருந்தது, கையேடுகூட இருந்தது. லென்ஸ் மூடி மட்டும் இல்லை.

ஆய்வாளனுக்கு மூலபாடம் குறைவின்றி வேண்டும். ஏடு தேடி உ.வே.சாமிநாதையர் ஊர் ஊராக அலைந்தார். நான் ஒரே வீட்டுக்குள் அலைந்தேன். மூன்றாம் நாள், பெரியம்மாவின் பட்டன் டப்பாவில், ஊக்குகளுக்கும் ஜாக்கெட் கொக்கிகளுக்கும் நடுவே மூடி அகப்பட்டது. எழுத்துகூடத் தேயவில்லை.

"அது எதுக்குடா இப்ப? அவருதான் வேண்டாம்னு அன்னைக்கே கழட்டி அதுல போட்டாரே" என்றார் தகவலாளி.

'வாய்மொழி வழக்கு, சான்று வலு குறைவு' என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு மூடியை லென்ஸில் பொருத்தினேன். கச்சிதமாக உட்கார்ந்தது.

இனி முன்னோர் ஆய்வு. ஒளியைத் தானே அளந்து, படத்துக்கு வேண்டிய அளவைத் தானே தீர்மானிக்கும் கேமராவைப் பற்றிச் சிந்தித்தவர்களில் ஐன்ஸ்டைனும் ஒருவர். நம்பாதவர்கள் 1936 அக்டோபரில் அமெரிக்காவில் வழங்கப்பட்ட 20,58,562 எண்ணுள்ள காப்புரிமையைப் பார்க்கலாம். ஒளிமின் விளைவுக்காக நோபல் பரிசு வாங்கியவர், அதே ஒளிமின்கலத்தைக் கேமராவில் வைத்து, வெளிச்சத்துக்குத் தக்கபடி லென்ஸுக்கு முன்னே ஒரு திரையை நகர்த்தலாம் என்று யோசனை சொன்னார். கூட்டாளி, குஸ்டாவ் பக்கி என்ற கதிரியக்க மருத்துவர். எக்ஸ்ரே மேசையில் பொருத்தும் ஓர் ஏற்பாட்டுக்கு இன்றும் அவர் பெயர்தான். தமிழில் அந்தச் சொல்லுக்கு இருக்கும் வேறு பொருளுக்கு மருத்துவர் பொறுப்பல்லர்.

1938-இல் கோடாக் கம்பெனி சூப்பர் கோடாக் சிக்ஸ்-20 என்ற கேமராவில் தானியங்கி எக்ஸ்போஷரை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. விலை 225 டாலர். செய்ததே எழுநூற்றுச் சொச்சம். பிறகு உலகப்போர் குறுக்கிட்டது. 1963-இல் போலராய்டு மின்னணு ஷட்டரைக் கொண்டுவந்தது. நம் எலக்ட்ரோ 35 வம்சம் 1966-இல் தொடங்குகிறது. ஜிஎஸ்என் 1973-இல் வந்த வாரிசு. 2012-இல் வந்த 'தி அமேசிங் ஸ்பைடர்-மேன்' படத்தில் பீட்டர் பார்க்கர் கையில் இருப்பதும் எலக்ட்ரோ 35 தான். பெரியப்பாவும் சிலந்தி மனிதனும் ஒரே கேமரா வைத்திருந்தார்கள் என்பதில் எங்கள் குடும்பத்துக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

கருவியின் உள்ளிலக்கணத்தைச் சொல்லாமல் மேலே போக முடியாது. நெற்றியில் ஒரு சிறு ஜன்னல். அதற்குள் காட்மியம் சல்பைடு. வெளிச்சம் பட்டால் அதன் மின்தடை குறையும். ஷட்டர் திறந்ததும், அந்தத் தடையின் வழியாக ஒரு கெப்பாசிட்டரில் மின்னேற்றம் நிரம்பத் தொடங்கும். நிரம்பியதும் மின்காந்தம் பிடியை விடும், ஷட்டர் மூடும். தெருக்குழாயில் குடம் பிடித்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம். தண்ணீர் வேகமாக வரும் நாளில் குடம் சட்டென்று நிரம்பும். சொட்டுச் சொட்டாக வரும் நாளில் நின்றுகொண்டே இருக்க வேண்டும். எலக்ட்ரோ 30 விநாடி வரை நிற்கும். அவசரம் என்றால் விநாடியில் 500-இல் ஒரு பங்கில் முடித்துக்கொள்ளும். இடைப்பட்ட அளவு எல்லாம் அதற்குச் சம்மதம், 283-இல் ஒரு பங்கு உட்பட.

ஆனால் எவ்வளவு நேரம் எடுத்தோம் என்பதை அது சொல்லவே சொல்லாது. நாம் லென்ஸில் அப்பர்ச்சரை வைக்க வேண்டும். காலத்தை அது வைத்துக்கொள்ளும். வெளிச்சம் அதிகமானால் சிவப்பு விளக்கு, கை நடுங்கும் அளவுக்கு மெதுவானால் மஞ்சள் விளக்கு, வளையத்தை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று காட்ட ஓர் அம்புக்குறி. அவ்வளவுதான் பேச்சு. கடிகாரப் பாகங்கள் செய்து பிழைப்பைத் தொடங்கிய கம்பெனி, மணி காட்டாத கேமராவைச் செய்தது ஏன் என்பது தனி ஆய்வுக்குரியது. வீட்டுக்கணக்கைத் தம் இடுப்பு முடிச்சிலேயே வைத்திருக்கும் பாட்டிகள் நினைவுக்கு வருகிறார்கள்.

களப்பணிக்கு முன் இரண்டு தடைகள். ஒன்று பேட்டரி. இக்கேமரா கேட்பது 5.6 வோல்ட் பாதரச பேட்டரி. பாதரசம் நஞ்சு என்று உலகம் உணர்ந்துகொண்டதால் அந்த வகை கடைகளில் இல்லை. கிடைப்பது 6 வோல்ட், அதுவும் உருவில் சிறியது. நாட்காட்டி அட்டையைச் சுருட்டி, நடுவில் பேட்டரியைச் செருகி, மிச்ச இடத்தில் சாக்லேட் சுற்றிய ஈயத்தாளை உருட்டி அடைத்தேன். கேமராவுக்கு 0.4 வோல்ட் கூடியது தெரியவில்லை. பேட்டரியே இல்லாவிட்டாலும் இது படம் எடுக்கும். எல்லாவற்றையும் 500-இல் ஒரு பங்கில் எடுக்கும். அது கொள்கைப் பிடிவாதம் போலத் தோன்றினாலும் உண்மையில் மயக்கநிலை.

மற்றது பஞ்சு. உள்ளே ஒரு சிறு ரப்பர்ப் பஞ்சு இருக்கிறது. ஐம்பது ஆண்டில் அது மக்கிப் பிசினாகிவிடும். ஃபிலிமை முன்னே தள்ளும் நெம்புகோலை இழுக்கும்போது 'டொக்' என்று ஓர் ஒலி வர வேண்டும். வராவிட்டால் பஞ்சு போயிற்று, அதோடு தானியங்கியும் போயிற்று என்று பொருள். உலகெங்கும் எலக்ட்ரோ வைத்திருப்பவர்கள் இதற்கு மரணப் பஞ்சு என்ற பொருளில் பெயரே வைத்திருக்கிறார்கள். முக்கால் கிலோ எடையுள்ள ஓர் உலோக யானை, மிளகளவு பஞ்சினால் சாகிறது. கேமரா பழுது பார்ப்பவர் ஒருவர் நான்கு நாளில் மாற்றிக் கொடுத்தார். 'டொக்' வந்தது. பெரியம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, 400 வேகமுள்ள கறுப்பு வெள்ளை ரோலைப் போட்டுக்கொண்டு மயிலாப்பூர் தெப்பக்குளத்துக்குப் போனேன். இது ரேஞ்ச்ஃபைண்டர் வகை. பார்ப்பதற்குத் தனி ஜன்னல். ஜன்னலின் நடுவில் மஞ்சளாக ஒரு சிறு கட்டம், அதற்குள் எதிரில் இருப்பவரின் ஆவியுருபோல இரண்டாவது பிம்பம் ஒன்று மிதக்கும். வளையத்தைத் திருப்பி இரண்டையும் ஒன்றாக்கினால் ஃபோகஸ். பூக்காரம்மாவின் இரண்டு மூக்குத்திகளை ஒரு மூக்குத்தியாக்கிய கணத்தில் எனக்கு ஏற்பட்ட நிறைவை எந்தக் கைபேசியும் தந்ததில்லை.

கருவியின் ஆணைகள் அனைத்துக்கும் கீழ்ப்படிந்தேன். வெயில் ஏறியதும் சிவப்பு எரிந்தது. அம்பு காட்டிய பக்கம் திருப்பி 16-க்குப் போனேன், அணைந்தது. மண்டப நிழலில் மஞ்சள் எரிந்தது. தூணில் சாய்ந்து மூச்சை அடக்கினேன். குளக்கரையில் ஒரு சிறுவன் ஓடிவந்து லென்ஸைக் கைகாட்டி ஏதோ சொன்னான். தன்னையும் எடுக்கச் சொல்கிறான் என்று கொண்டு, நிற்கவைத்து எடுத்தேன். அவன் மறுபடியும் கைகாட்டினான். மறுபடியும் எடுத்தேன். 19, 20 ஆகிய படங்கள் அவனுடையவை.

ரோலைக் கழுவக் கொடுத்த இடத்தில், ஈரம் உலராத நெகட்டிவை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்கள். எடுக்காத படம் கறுப்பாக இருக்கும் என்றுதான் எண்ணியிருந்தேன். அது பிரிண்டில். நெகட்டிவில் எடுக்காத படம் கண்ணாடிபோலத் தெளிவாக இருக்கும். அந்தத் தெளிவின் ஓரத்தில் கம்பெனி முன்கூட்டியே அச்சிட்ட எண்கள் மட்டும் 1 முதல் 36 வரை வரிசையாகப் பளிச்சென்று நின்றன. ஆக, கழுவியதில் குற்றமில்லை.

பாதரச வேறுபாடு, ஈயத்தாளின் தொடர்பின்மை, பஞ்சின் மறுபிறப்பு என்று மூன்று கருதுகோள்களை அங்கேயே முன்வைத்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அங்கிருந்த இளைஞர் ஒருவர் இரண்டே கேள்வி கேட்டார்.

"சார், ரோல் சுத்துச்சா?"

"சுத்துச்சு."

"மூடியக் கழட்டினீங்களா?"

அன்றிரவு தூக்கம் வராமல் நான் யாத்த நூற்பா வருமாறு:

அளப்பது ஒருகண் பார்ப்பது ஒருகண்
பதிப்பது ஒருகண் ஆதலின் மூடி
கிடப்பினும் கருவி கிளவா ததுவே.

இச்சூத்திரம் என் நுதலிற்றோ எனின், முக்கண் கேமராவுக்குரிய மௌனம் உணர்த்துதல் நுதலிற்று. இதன் பொருள்: ஒளியை அளக்கும் கண் நெற்றியிலும், நாம் பார்க்கும் கண் ஜன்னலிலும், படம் பதியும் கண் லென்ஸிலுமாக வெவ்வேறு இருத்தலான், லென்ஸை மூடிய வழியும் ஏனை இரு கண்ணும் 'எல்லாம் நலம்' என்றே கூறும் என்றவாறு. 'கிடப்பினும்' என்ற உம்மை எச்சவும்மை ஆகலின், மூடி இல்லாத வழியும் இக்கருவி தான் எடுத்த காலத்தைச் சொல்லாது என்பதும் கொள்க. மஞ்சள் ஃபில்டர் போட்டாலும் நெற்றிக்கண்ணுக்குத் தெரியாது. வேக எண்ணை நாமே குறைத்து வைக்க வேண்டும் என்பது உரையிற்கோடல். ஈற்று ஏகாரம் அசைநிலை. சிலர் இரங்கற்பொருட்டு என்பர்.

இவ்விடத்து ஒப்பாய்வு ஒன்று தேவை. 1972-இல் வந்த கேனனெட் க்யூஎல்17 ஜி-III கேமராவில் அளக்கும் கண் லென்ஸின் வளையத்துக்குள்ளேயே இருக்கிறது. மூடி போட்டால் அதுவும் குருடாகிவிடும். ஆட்டோவில் வைத்து அழுத்தினால் ஷட்டர் நகராது. ரேஞ்ச்ஃபைண்டர் குலத்தைச் சேராத ஒலிம்பஸ் ட்ரிப் 35-இலும் ஒளிமின்கலம் லென்ஸைச் சுற்றி வளையமாக இருக்கிறது. இருட்டு என்றால் ஜன்னலுக்குள் சிவப்புக் கொடி எழும், பொத்தான் இறங்காது. இவையெல்லாம் எதிர்த்துப் பேசும் வேலைக்காரர்கள். யாஷிகா, முதலாளி சொன்னதை அப்படியே செய்துவிட்டு மாலையில் விளைவைக் கொண்டுவந்து மேசையில் வைக்கும் ரகம்.

இலக்கணச் சிக்கல் ஒன்று மிச்சம் இருக்கிறது. தானியங்கி என்றால் தானே இயங்குவது. அப்படியானால் வினைமுதல் கேமரா. படம் நன்றாக வந்தால் 'நான் எடுத்தேன்' என்கிறோம். வராவிட்டால் 'கேமரா சரியில்லை' என்கிறோம். ஒரே வினைக்குப் பயனைப் பொறுத்து எழுவாய் மாறும் இந்த வழக்கைத் தொல்காப்பியர் ஏன் விதிக்காமல் விட்டார் என்று தெரியவில்லை. அவர் காலத்தில் ஷட்டர் இல்லாவிட்டாலும் சமையல் இருந்திருக்கும்.

இரண்டாவது ரோலை மூடியின்றி எடுத்தேன். நெற்றிக்கண் ஐம்பது ஆண்டு கழித்தும் ஏமாற்றவில்லை. பூக்காரம்மாவின் மூக்குத்தியில் சூரியன் ஒரு புள்ளியாக நின்றது. மஞ்சள் விளக்கைப் பொருட்படுத்தாமல் எடுத்த இரண்டு மட்டும் கலங்கிப்போயின. அந்தச் சிறுவனைத் தேடினேன், கிடைக்கவில்லை.

படங்களைப் பெரியம்மாவிடம் காட்டினேன். பார்த்துவிட்டு, பெரியப்பா எடுத்தவை உள்ள பெட்டியைத் திறந்தார். ஊட்டியில் தயாரான இந்து ஃபிலிமில் எடுத்தவையும் அதில் இருந்தன. கல்யாணங்கள், காதுகுத்து, பழனி, கிணற்றடி. ஒன்றுகூட வெற்றாக இல்லை. தோல் உறை முன்பக்கம் லென்ஸையும் சேர்த்து மூடிவிடுகிறது. உறையைத் திறக்காமல் பொத்தானை அழுத்த வழியில்லை. அதற்குள்ளே இன்னொரு மூடி எதற்கு என்று பெரியப்பா கேட்டிருக்கிறார்.

தகவலாளியின் கூற்றுக்கு எதிரே எழுதியிருந்த குறிப்பை அடித்துவிட்டேன். மூடி இப்போது பழையபடி பட்டன் டப்பாவில் இருக்கிறது.