அய்யலூர்ச் சந்தைப் பாய்லருக்குரிய கரி: ஓர் ஆராய்ச்சி

அணையாத நெருப்பைப் பற்றிய ஆராய்ச்சியை ஆடுகளிலிருந்து தொடங்குவதுதான் முறை. கோயிலில் ஒரு நந்தா விளக்கு எரிய 90 ஆடு, 96 ஆடு என்று விட்ட கணக்கைச் சோழர் காலக் கல்வெட்டுகள் சலிக்காமல் சொல்கின்றன. அவற்றுக்குச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று பெயர். திண்டுக்கல் மாவட்டம் அய்யலூரில் வியாழக்கிழமைதோறும் கூடும் சந்தைக்கு வரும் ஆடுகளுக்கு அந்தச் சலுகை கிடையாது. ஆனாலும் அவற்றை ஓட்டி வருகிறவர்களும் வாங்க வருகிறவர்களும் விடியுமுன்னே டீ கேட்கிறார்கள். ஆகவே சந்தையோரத்தில் ஒரு நெருப்பு நாள் முழுக்க நின்று எரிந்தாக வேண்டும். அது பாய்லரில் இருக்கிறது. அதற்கு எந்தக் கரி உத்தமம் என்பதே ஆய்வுப்பொருள்.

முதலில் கருவியை வரையறுப்போம். பாய்லர் என்பது வயிற்றில் தண்ணீரும் நட்டநடுக் குழாயில் நெருப்பும் கொண்ட உலோக உருளை. கரி மேலிருந்து விழும், சாம்பல் கீழே உதிரும், பால் தலைமாட்டில் காயும். வெளியே திருநீற்றுப் பட்டையும் குங்குமப் பொட்டும் உண்டு. உள்ளே தன் பங்குக்கு அதுவும் நீறு தயாரித்துக்கொண்டிருக்கும். சைவத்தோடு இதற்குள்ள தொடர்பு தனி ஆய்வுக்குரியது.

கரி விஷயத்தில் கற்றோர் மூன்று கட்சி. சீமைக்கருவேலக் கட்சிதான் பெரும்பான்மை. ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர்ச் சீமையின் கரிமூட்டங்களில் வெந்து லாரியேறி வருவது இதுவே. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அயல்நாட்டிலிருந்து வந்த மரம். 2017-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அகற்றச் சொன்ன மரம். தீர்ப்புக்குப் பிறகும் இத்தனை பேருக்குக் காலை டீ போட்டுத் தருகிற குற்றவாளி வேறில்லை. இரண்டாவது கொட்டாங்கச்சிக் கட்சி. சூட்டில் அதை மிஞ்ச முடியாது என்பார்கள், உண்மைதான். ஆனால் காங்கயம் பக்கத்தில் அதையே தண்ணீர் வடிகட்டும் கார்பனாக்கிக் கப்பலேற்றுகிறார்கள். டீக்கடை அந்தப் போட்டியில் நிற்க முடியாது. மூன்றாவது புளியங்கட்டைக் கட்சி. நாற்கரச் சாலைகளுக்காகச் சாலையோரப் புளியமரங்கள் சாய்ந்ததிலிருந்து அக்கட்சியும் சாய்ந்துவிட்டது.

மூன்று கட்சியாரும் மரத்தின் குலம் கோத்திரம் பார்க்கிறார்களே தவிர, கரி வெந்ததா என்று பார்ப்பதில்லை. பிழை இங்கேதான். மூட்டத்தில் முதலில் வரும் வெள்ளைப் புகை பெரும்பாலும் விறகிலிருக்கும் தண்ணீர். அது மெலிந்து நீலம் பாயும்வரை பொறுத்து, பிறகு காற்றுப் புகாமல் மண்ணால் அடைக்க வேண்டும். அவசரப்பட்டுப் பிரித்தால் நடுவில் பழுப்பேறிய அரைவேக்காட்டுக் கட்டை நிற்கும். அது பாய்லருக்குள் போய், விட்ட குறையைத் தொடரும். பால் புகையைக் குடிக்கும்.

“என்ன மாஸ்டர், டீயில புகை அடிக்குது?”

“கரி அப்படிண்ணே. ஒரு அஞ்சு நிமிசம் இருங்க, சரியாயிரும்.”

இதைக் களச்சான்றாகக் கொள்க.

சோதனை எளிது. ஒரு துண்டை இன்னொன்றில் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். ‘தொப்’ என்றால் ஒன்று வேகவில்லை, அல்லது நனைந்திருக்கிறது. ஜப்பானில் ஓக் மரத்தில் சுடும் பின்சோட்டான் கரியையும் உலோகம்போல ஒலிக்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள். உடைந்த முகம் பளபளக்க வேண்டும்.

அடுத்தது அளவு. எலுமிச்சம்பழப் பருமன் உத்தமம். பெருங்கட்டை போட்டால் குழாயில் குறுக்கே சிக்கித் தொங்கும். அடியில் நெருப்பு தீர்ந்து பொந்து விழுந்தபின்தான் மாஸ்டர் கம்பியைத் தேடுவார். தூளாக இருந்தால் காற்றே ஏறாது. நின்று எரிவது மரத்தைவிடத் துண்டுகளுக்கிடையே உள்ள இடைவெளியையும் கீழே சாம்பல் தட்டிவிடும் கையையும் பொறுத்தது.

விலைமுறை பற்றி அறிஞர் இன்னும் உடன்படவில்லை. எடைக்கு வாங்கினால் தண்ணீர் தெளித்து வரும், கரியும் அதை ஆசையாய் உறிஞ்சிக்கொள்ளும். மூட்டைக்கு வாங்கினால் பெருங்கட்டைகளைக் குறுக்கும் நெடுக்கும் அடுக்கிப் பாதி மூட்டை காற்றாக வரும். தண்ணீரைக் காயவைக்கலாம், காற்றை என்ன செய்ய? ஆகவே எடைக்கு வாங்கி வெயிலில் பரப்புவதே எம் துணிபு.

கேஸ் அடுப்பில் பாய்லரை ஏற்றிவிட்டுக் கரியே வேண்டாம் என்கிற நாலாவது கட்சி ஒன்று உண்டு. அவர்களுக்கான மறுப்பு, சந்தைநாள் காலையில் சிலிண்டர் தீரும்போது நேரில் வழங்கப்படும்.