பல்லவி சார்

காப்பி வருவதற்கு முன்னாலேயே கண்ணை மூடச் சொல்லிவிடுவார். அதற்கும் முன்னால் ஜன்னல் மூடப்படும், கதவு மூடப்படும், மின்விசிறி நிற்கும். ஏ.சி. இருக்கிறது, போட மாட்டார். கம்ப்ரெஸர் ஓடினால் லைனில் 'அழுக்கு' ஏறுமாம். மே மாதம், நங்கநல்லூர், சாயங்காலம் நாலு மணி. சோபாவின் நடு இடம் அவருக்கு. எனக்கு ஓரம்.

"கேளுங்க சார். இது பழைய ஒயரு."

ராஜாவின் பழைய பாட்டு ஒன்று. முன்னிசை, பல்லவி. பல்லவி முடிந்து வயலின்கள் கிளம்பி, நான் கொஞ்சம் சாய்ந்து உட்காரும் நேரம் பார்த்து டக்கென்று நிறுத்துவார். எழுந்து போய், அலமாரிக்குப் பின்னால் குனிந்து எதையோ பிடுங்கி எதையோ செருகுவார். முட்டியில் சொடக்கு விழும். திரும்பவும் முன்னிசை, பல்லவி, வயலின், டக்.

"இப்ப? வித்தியாசம் தெரியுதா?"

பதினோரு வருஷப் பழக்கம். அந்த வீட்டில் நான் ஒரு சரணம்கூடக் கேட்டதில்லை. இலை போட்டு, உப்பும் ஊறுகாயும் வைத்து, "இலை எப்படி?" என்று கேட்டுவிட்டு எழுப்பி அனுப்புகிற பந்தி அது. எங்கள் வீட்டில் அவருக்குப் பெயரே பல்லவி சார்.

முதலில் ஸ்பீக்கர் ஒயர் மாற்றினார். பிறகு அந்த ஒயர் தரையில் படாமலிருக்க மரக்கட்டை வாங்கினார். இப்போது கண்ணாடி இழை.

"செம்பு எதை வேணா கடத்தும் சார். பாட்டையும் கடத்தும், பக்கத்து வீட்டு மிக்ஸியையும் கடத்தும். கண்ணாடி வெளிச்சத்தை மட்டும்தான் விடும்."

தப்பில்லை. கண்ணாடியில் மின்சாரம் பாயாது. ஆனால் சாதாரண நெட்வொர்க் கேபிளைச் செருகுகிற துளைக்குள்ளேயே குட்டி டிரான்ஸ்ஃபார்மர் உட்கார்ந்து 1,500 வோல்ட் வரை தாங்கிக்கொண்டுதானே இருக்கிறது என்றேன். "அது ஆபீஸுக்குப் போதும் சார்" என்றார்.

சரி, வெளிச்சம் எங்கிருந்து எங்கே போகிறது? அதுதான் வேடிக்கை. தெருக்கம்பத்திலிருந்து இன்டர்நெட் வருவதே கண்ணாடி இழையில்தான். வீட்டு வாசலில் ஒரு பெட்டி அதை மின்சாரமாக்குகிறது. சார் அந்த மின்சாரத்தை ரிச்சி தெருவில் வாங்கிய ஒரு மீடியா கன்வர்ட்டரில் விட்டு மறுபடி வெளிச்சமாக்குகிறார். வெளிச்சம் ஒன்றரை மீட்டர் போகிறது. அங்கே இன்னொரு கன்வர்ட்டர் அதைத் திரும்ப மின்சாரமாக்கிப் பாட்டுப் பெட்டிக்குக் கொடுக்கிறது. அவர் போட்டிருக்கும் மாட்யூல் 10 கிலோமீட்டர் தூரத்துக்குச் செய்தது. ஏறக்குறைய தி.நகர் வரை போக வேண்டிய வெளிச்சம், டி.வி. ஸ்டாண்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய் மூச்சு வாங்காமல் நிற்கிறது.

இதிலும் ஜாதி உண்டு. ஆரஞ்சு உறை போட்டது மல்ட்டி மோடு. அதன் உள்கண்ணாடி 50 மைக்ரான். மஞ்சள் உறை சிங்கிள் மோடு. 9 மைக்ரான், தலைமுடியில் ஏழெட்டில் ஒரு பங்கு. "மல்ட்டி மோடு கொஞ்சம் வழவழன்னு இருக்கும் சார். சிங்கிள்தான் சுத்தம்" என்பார், நாட்டுத் தக்காளியையும் பெங்களூர் தக்காளியையும் பிரித்துச் சொல்கிற மாதிரி. கண்ணாடி இழையில் செய்தி அனுப்பலாம் என்று 1966-இல் எழுதிய சார்லஸ் காவ், அதற்காக 2009-இல் நோபல் பரிசு வாங்கினார். பாவம், அவர் தொலைபேசியை நினைத்து எழுதினார்.

இரண்டு கன்வர்ட்டருக்கும் இரண்டு அடாப்டர். அந்த அடாப்டரிலிருந்து அழுக்கு வருகிறது என்று ஒரு நாள் ராத்திரி ஒன்றரை மணிக்குக் கண்டுபிடித்தார். இப்போது ஒவ்வொன்றுக்கும் செங்கல் கனத்தில் ஒரு லீனியர் பவர் சப்ளை. கோவணத்தை எலி கடிக்கிறதென்று பூனை வளர்த்து, பூனைக்குப் பாலுக்காக மாடு வாங்கிய சாமியார், மாட்டைக் கட்ட இப்போது இடம் பார்த்துக்கொண்டிருக்கிறார். சாரின் மனைவிக்கு இவை எல்லாமே "வைஃபை டப்பா". விலையும் அந்த டப்பாவுக்குச் சொன்னதுதான்.

நான் சிரிக்கிறேன், ஆனால் ஒன்று எனக்குச் சிரிப்பாக இல்லை. "வித்தியாசம் தெரியல சார்" என்று ஒரு தடவை உள்ளதைச் சொன்னேன். "காது பழகணும்" என்றார். இருவருக்கும் அறுபது தாண்டியாயிற்று. 20,000 ஹெர்ட்ஸெல்லாம் இந்தக் காதுகளை விட்டு என்றோ போய்விட்டது. இருந்தாலும் பரிவோடு, படிப்பு ஏறாத பிள்ளையிடம் சொல்வதுபோலச் சொன்னார். அடுத்த வாரமே, எனக்கும் தெரியும்படியாக இன்னொரு சாமான் வந்து இறங்கியது. அதற்குப் பயந்து அதன்பிறகு "ஆமா சார், தெரியுது" என்று சொல்லப் பழகினேன். தெரிகிறது என்றதும் இன்னும் தெரியட்டும் என்று வேறொன்று வாங்கினார். தெரிந்தாலும் செலவு, தெரியாவிட்டாலும் செலவு. அந்த அலமாரியில் பாதி, என் வாய் வாங்கிக் கொடுத்தது.

போன ஞாயிற்றுக்கிழமை முட்டி வலி அதிகம் என்று, குனிகிற வேலையை என்னிடம் கொடுத்தார். இரண்டு மஞ்சள் ஒயர்கள். 'ஏ' ரிச்சி தெரு. 'பி' வெளிநாட்டிலிருந்து வந்தது, இரும்புக் கவசம் போட்டது.

"பல்லவி ஆரம்பிச்சதும் ஏ-ய எடுத்துட்டு பி-ய போடுங்க. நான் கண்ண மூடிக்கிறேன். எப்ப போட்டீங்கன்னு நான் சொல்றேன்."

பாட்டு ஆரம்பித்தது. ஏ-யைப் பிடுங்கினேன். கன்வர்ட்டரில் பச்சை விளக்கு அணைந்தது. பி-யின் நுனியில் தூசி படாமலிருக்க ரப்பர் மூடி. விரலில் வியர்வை, வழுக்கிக்கொண்டே இருந்தது. பல்லால் கடிக்கலாமா என்று பார்த்தேன். அப்போதுதான் உறைத்தது: ஒயர் என் கையில், பாட்டு அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது.

மந்திரமில்லை. சி.டி. தரத்தில் பாட்டுக்கு ஒரு நொடிக்கு 1,411 கிலோபிட் போதும். ஒயரோ நொடிக்கு ஒரு லட்சம் கிலோபிட் கொண்டுவரும். ஐந்து நிமிஷப் பாட்டை நாலைந்து நொடியில் முழுசாக விழுங்கிவிட்டு, பெட்டி நிதானமாக அசைபோட்டுக்கொண்டிருந்தது. மாடு தின்ற புல்லுக்கும், மேயப் போன பாதைக்கும் இனி சம்பந்தமில்லை.

"ஆங்... இது! இதுதான் சார்!" சோபாவிலிருந்து குரல். "திரை விலகினாப்ல இருக்கு. வயலினச் சுத்திக் காத்து இருக்கு பாருங்க."

அந்த அறையில் காற்று இருந்த ஒரே இடம் அதுதான்.

பல்லவி முடிந்தது. வயலின்கள் கிளம்பின. ரிமோட்டுக்குக் கை போகும் என்று பார்த்தேன், போகவில்லை. கை தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. புல்லாங்குழல் வந்தது, அதன்பின்னால், பதினோரு வருஷத்தில் முதல் முறையாக, சரணம் வந்தது. மெல்லக் கூடவே பாடினார். சுதி கொஞ்சம் இறக்கம்தான். ஆனால் ஒரு சொல் தடுமாறவில்லை. இரண்டாவது சரணத்தில் பாடகி மூச்சு வாங்குகிற இடத்தில் இவரும் வாங்கினார். என்றோ ரேடியோவில் கேட்டு மனப்பாடமான பாட்டு. அப்போது யாரும் அவரை வித்தியாசம் கேட்டிருக்க மாட்டார்கள். இப்படிப் பாடத் தெரிந்த மனிதர் எதற்காக இத்தனை வருஷம் வயலினோடு நிறுத்தினார் என்று கோபம்கூட வந்தது. அலமாரிக்குப் பின்னால் மண்டியிட்டபடி, மூடி கழலாத ஒயரைக் கையில் வைத்துக்கொண்டு, முழுப் பாட்டையும் கேட்டேன்.

பாட்டு முடிந்தது. கண்ணோரம் ஈரம், வியர்வையாகவும் இருக்கலாம்.

"பி-தானே?"

"ஆமா சார்."

அடுத்த பாட்டு வர வேண்டும். எப்படி வரும்? ஒயர் என் கையில். அறை கப்சிப்பென்று இருந்தது. சார் கண்ணைத் திறக்கவில்லை. ஒரு விரலை மட்டும் உயர்த்தினார்.

"கேட்டீங்களா? பின்னணி எவ்வளவு கறுப்பா இருக்கு!"