லைற் பிடிக்கிற தம்பி

யாழ்ப்பாணத்துக் கலியாணவீட்டில் மாப்பிள்ளை யாரென்று தெரியாமல் சாப்பிட்டுவிட்டு வரலாம். லைற் பிடிக்கிற தம்பியைத் தெரியாமல் வரமுடியாது. கறுப்புச் சேட், இடுப்பில் பற்றரிப் பை, கையில் நீண்ட தடி, தடி நுனியில் வெள்ளைக் குடை. "ஐயருக்குக் குடை பிடிக்க ஆள் விட்டிருக்கினம்" என்று எனக்குப் பக்கத்திலிருந்த ஆச்சி மெச்சினார்.

கமராவின் தலையில் குந்தியிருக்கும் ஃபிளாஷைத் தம்பி மதிப்பதில்லை. "நேர அடிச்சால் முகம் அப்பளம் மாதிரித் தட்டையாப் போடும் அங்கிள். பக்கத்தால, 45 பாகையில, கண்ணுக்கு மேல நிண்டு அடிக்கோணும்." முகூர்த்தம் தப்பினாலும் அவருக்குப் பாகை தப்பக்கூடாது.

ஊர், உத்தியோகம், காசு எதையும் பார்த்து அவர் மனிதரைப் பிரிப்பதில்லை. வெளிச்சத்தைத் திருப்பித் தருபவர், விழுங்குபவர் என்று இரண்டே இனம். வெள்ளை வேட்டி மாமாவைப் பொம்பிளைக்குப் பக்கத்தில் இழுத்து நிறுத்துவார். மாமாவும் மரியாதையாக்கும் என்று நெஞ்சை நிமிர்த்துவார். பாவம், அந்த நேரம் அவர் ஒரு வெள்ளை மட்டை. சிவப்புச் சீலைக்காரி கிட்ட நின்றால் பொம்பிளையின் கன்னமும் சிவக்கும். அல்பம் பார்ப்பவர்கள் அதை வெட்கம் என்பார்கள்.

வட்டத் தட்டு ஒன்றும் வைத்திருக்கிறார், றிஃப்ளெக்ரர். முதலில் தங்கப் பக்கத்தைத் திருப்பினார். "என்ர பிள்ளைக்கென்ன செங்கமாரியோ?" என்று தாய் பாய்ந்தார். வெள்ளிப் பக்கம் திரும்பியது. மாப்பிள்ளைக்குக் கண் கூசித் தண்ணீர் ஓட, "பாசக்காரப் பொடியன்" என்றது பொம்பிளை பகுதி. வெள்ளைத் துணிப் பக்கம் வந்தபிறகுதான் வீடு அடங்கியது.

குறூப் படத்தில்தான் வினை. லைற் இடது கரையில், கனடா மாமி வலது கரையில். தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் காற்பங்காகிவிடும் என்ற கணக்கு மாமிக்குத் தெரியாது. "காசும் அனுப்பி இருட்டுக்கயும் நிக்கோணுமோ?"

"லைற்றைத் தூரக் கொண்டுபோனால் எல்லாருக்கும் கிட்டத்தட்டச் சமன் மாமி" என்று தம்பி ஃபிளாஷைக் கூட்டிக்கொண்டு பின்னுக்குப் போனார், இன்னும் போனார், வாசல் வாழையில் முதுகு முட்டியபோது சமத்துவம் வந்தது.

என் கலியாணம் தொண்ணூறுகளில். பற்றரி தடைப்பொருள்; சைக்கிள் டைனமோ சுற்றி றேடியோ கேட்ட காலம். "பெற்றோல்மாக்ஸ் வெளிச்சத்தில எல்லாரும் வடிவாத்தான் இருந்தம்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். "இருக்காது அங்கிள். மென்ரில் சின்னன், நிழல் கடுமையா விழும். ஒளிமுதல் பெரிசாயிருந்தால்தான் வெளிச்சம் மெத்தெண்டிருக்கும்." முப்பது வருடத்துக் குடும்ப வாழ்க்கையை ஒரு மென்ரிலில் முடித்துவிட்டார்.

மறுநாள் படமெடுக்கக் காரைநகர் கசூரினாக் கடற்கரை. சோளகம் வீசிக்கொண்டிருந்தது. வல்வெட்டித்துறையார் பட்டம் விடுவது தைப்பொங்கலுக்கு. தம்பி ஆனியிலேயே விட்டார். தட்டு சவுக்கு மரத்தில் தங்க, அதை இறக்கியவர் இளைப்பாறிய எஞ்சினியர் பெரியப்பா. இறக்கியதை மடிக்க மட்டும் அவருக்கு ஏலவில்லை. இந்தப் பக்கம் அமத்தினால் அந்தப் பக்கம் விரிந்து அவர் கண்ணாடியைத் தட்டியது. தம்பி வாங்கி, எட்டுப்போல ஒரு முறுக்கு, மூன்று வளையம், பைக்குள் போட்டார்.

அல்பம் வந்தது. பொம்பிளையின் கிட்டப் படத்தை மகள் ஃபோனில் பெரிதாக்கிக் காட்டினாள். கருவிழிக்குள் சின்ன வெள்ளை வட்டம். வட்டத்துக்குக் கீழே மெலிந்த இரண்டு கால்கள்.