அடுப்புக்கு அடங்காத விறகு

நோர்வேக்காரர் விறகு விஷயத்தில் பகிடி விடமாட்டார்கள். 2013 பெப்ரவரியில் ஒரு வெள்ளி இரவு, அரச தொலைக்காட்சி 12 மணி நேரம் விறகைப் பற்றியே நிகழ்ச்சி நடத்தியது. அதில் மூன்றில் இரண்டு பங்கு நேரமும் நெருப்பு எரிவதைத்தான் காட்டினார்கள். விறகு அடுக்கும்போது பட்டை மேலேயா கீழேயா என்று சனம் இரண்டு கட்சியாகப் பிரிந்து முறைப்பாடு செய்தது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். பேசாமல் ஒரு கொப்பி எடுத்துக் குறிப்பு எழுதியிருக்கலாம்.

2021 குளிரில் கரண்ட் பில் எகிறியது. அதுவரை பூச்சாடி வைக்க மட்டும் பயன்பட்ட இரும்பு அடுப்பு எங்கள் வரவேற்பறையில் இருந்தது. உடனே ஒரு ‘ஃபாவ்ன்’ பேர்ச் விறகுக்குச் சொல்லிவிட்டேன். ஃபாவ்ன் என்பது இங்கத்தைய பழைய கணக்கு: 2 மீற்றர் அகலம், 2 மீற்றர் உயரம், 60 செ.மீ. நீள விறகு. நீளமான விறகு, அதனால் விலையும் குறைவு. காய்ந்த விறகில் ஈரம் 20 வீதத்துக்குக் கீழே இருக்கவேணும் என்றுகூடப் படித்து வைத்திருந்தேன். அடுப்பின் நீளத்தை மட்டும்தான் படிக்கவில்லை.

என் பக்கத்திலும் நியாயம் உண்டு. ஊரில் எங்கள் குசினி அடுப்புக்கு நீளம் ஒரு பிரச்சினையா? கட்டை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், எரிய எரிய அம்மம்மா உள்ளே தள்ளிவிடுவா. இந்த இரும்பு அடுப்பிலோ கதவைச் சாத்தினால்தான் புகை ஒழுங்காக மேலே போகும். உள்ளே 33 செ.மீ.தான் கொள்ளும். வந்து இறங்கிய குவியலைப் பார்த்துவிட்டு மனைவி கேட்டா: “இஞ்சருங்கோ, இது என்ன கட்டில் செய்யவோ?”

முதலில் கோடாலி. பிளந்த விறகை நார் போகிற பக்கமாக வெட்டினால் வாயைத் திறக்கும், குறுக்கே வெட்டினால் முறைக்கும். நான் குறுக்கே வெட்டினேன். கட்டை துள்ளிப் போய்ப் பக்கத்து வளவுக்குள் விழுந்தது. எடுக்கப் போனபோது அந்த வீட்டுப் பெரியவர் ஜன்னலில் நின்று கையசைத்தார். வெகுநேரமாகவே நின்றிருக்கிறார்.

பிறகு கைவாள். முழுமரத்தை அரிவது வேறு; பிளந்த துண்டு முக்கோணமாக இருக்கும், ஒரு பக்கமும் படுக்காது, உருளும். ஒரு காலால் மிதித்துக்கொண்டு கண்ணளவில் நடுவே அரிந்தேன். ஒரு பாதி 26, மற்றது 34. அந்த ஒரு சென்ரிமீற்றருக்காக அடுப்புக் கதவோடு நான் பட்ட பாட்டை விடுங்கள், கதவுதான் வென்றது.

அடுத்தது செயின்சோ என்று நான் வாய் திறந்ததும், பெரியவர் வேலி தாண்டியே வந்துவிட்டார். தளர்ந்து கிடக்கும் துண்டைச் சங்கிலி கவ்வினால் கட்டையும் பறக்கும், வாளும் முகத்துக்குத் திரும்பும் என்றார். இரண்டு பக்கமும் கால் நட்ட ஒரு தாங்கியைக் கொண்டு வந்தார். விறகுகளை ஒருபக்க நுனி சமனாக வரும்படி அடுக்கி, லொறியில் சாமான் இறுக்கும் பட்டியால் கட்டி, நடுவே ஒரே இழுப்பில் அறுத்தார். அத்தனையும் 30. என்னிடம் தந்த பொறுப்பான வேலை, சற்றுத் தள்ளி நிற்பது.

கட்டை குறுகினால் வெட்டுமுகம் வழியே ஈரம் சீக்கிரம் வெளியேறும், எல்லாம் யோசித்துத்தான் செய்தேன் என்று வீட்டில் விளக்கம் சொன்னேன். மனைவி மறுத்துப் பேசவில்லை. பூச்சாடியை எங்கே வைப்பது என்று மட்டும் கேட்டா.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு அடுப்பு இருந்தால், விறகுக்குப் போன் எடுக்கமுதல் டேப்பை உள்ளே விட்டு அளந்துபாருங்கள். கதவை அளக்காதீர்கள், உள்ளே பதித்திருக்கும் கல்லிலிருந்து கல்வரை அளவெடுங்கள், அதிலும் இரண்டு மூன்று செ.மீ. குறைத்தே சொல்லுங்கள். பெரிய அடுப்பு வைத்திருப்பவர்கள் தயங்காமல் என்னைத் தொடர்புகொள்ளலாம். 60 செ.மீ. விறகு இன்னும் பாதி கிடக்கிறது, வந்து ஏற்றிக்கொண்டு போவது உங்கள் பொறுப்பு.